மூச்சுக்கு மூன்று படிவம்

அவள் யாரையும் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. இருந்தாலும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அடியக்காதான். அந்தக் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்த வாள்சண்டை கேமில் ஒரு வெட்டுக்கு எதிரியின் உயிர் எவ்வளவு குறையலாம், எதிரி திருப்பி அடித்தால் வீரனுக்கு எவ்வளவு போகலாம், ஒரு தடவை உருண்டு தப்பிக்க எவ்வளவு மூச்சு செலவாகலாம் என்று முடிவு செய்வது அவள் வேலை.

திரையின் மேல் மூலையில் ஒரு சிவப்புக் கோடு. அது உயிர். அதன் கீழே பச்சைக் கோடு. அது மூச்சு. வெட்டினால், உருண்டால், ஓடினால் பச்சை குறையும். சற்று நின்றால் தானாக ஏறிக்கொள்ளும். வீரனின் இடுப்பில் ஐந்து மருந்துக் குப்பிகள். ஒன்றைக் குடித்தால் சிவப்பு ஏறும். அவ்வளவுதான் சமாசாரம். இதை வைத்துக்கொண்டு விளையாடுகிறவரை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். கேட்க சுலபமாக இருக்கிறது. அடியக்காவுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

அந்த மூன்று வருஷமும் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் செத்தவர். அதுவும் அலுவலகப் பட்டப்பெயர்தான். கேமை விளையாடிச் சோதிக்கிற டெஸ்டர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்து சாயங்காலம் வரை விதவிதமாகச் சாவதும், எப்படிச் செத்தோம் என்று எழுதிக் கொடுப்பதும் அவர் உத்தியோகம். அவர் வீட்டிலிருந்து போன் வந்தால், புதிதாக வந்த வரவேற்பாளர், "செத்தவர் டீ குடிக்கப் போயிருக்காரு, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்று சொல்லி, அந்தப் பக்கம் இருந்த அவர் மனைவியைப் பல தடவை கதிகலங்க வைத்திருக்கிறாள். பதினோரு வருஷமாகப் பட்டன்களை அழுத்தி அழுத்தி அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் எப்போதும் பட்டைத் துணி.

பாலத்து அரக்கனோடு நடக்கும் சண்டையை அடியக்கா நாற்பது தடவையாவது கலைத்துக் கட்டியிருப்பாள். ஒரு நாள் செத்தவர் அந்த அரக்கனிடம் வரிசையாக ஆறு தடவை செத்தார். ஏழாவது தடவை, குப்பி தீர்ந்து, சிவப்புக் கோடு நூலாக இளைத்து, மூச்சு கடைசிச் சொட்டில் நிற்கும்போது அரக்கன் விழுந்தான். செத்தவர் பட்டன் பலகையைக் கீழே வைத்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். திரும்பி வந்து, "சரியா வந்திருக்கு தங்கச்சி. இனிமே இதுல கைய வைக்காத" என்றார். அவள் வாங்கிய சம்பள உயர்வு எதுவும் அவளுக்கு அந்த அளவு இனித்ததில்லை.

அதற்கு மறு மாதம் சமநிலை ஆணையம் வந்தது.

கம்பெனியின் முந்தைய கேமைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் அதிகம் என்று கணக்கு வந்திருந்தது. கம்பெனியின் முதலாளிகள் அக்காவும் தங்கையுமாக இருவர். இதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஏற்பாடு என்றால் ஆணையம். ஆணையம் என்றால் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் மூவர். சண்டையில் எந்த எண்ணை மாற்றுவதானாலும் இனி அவர்கள் கையெழுத்து வேண்டும்.

தலைவர் அதற்கு முன் ஒரு விமானக் கம்பெனியில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டைக் கவனித்துக்கொண்டவர். கேமுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, முதல் கூட்டத்தில் அவரே விளக்கினார்.

"மூணு வருஷத்துல தட்டைப் பாதியாக் குறைச்சேன். அப்புறம் ரொட்டியை எடுத்தேன். கடைசியில தட்டையே எடுத்தேன். ஆகாயத்துல ஒருத்தர்கூட இறங்கிப் போகல. மனுஷங்களுக்கு என்ன கொடுக்கறோம்ங்கறது முக்கியமில்ல. அவங்க எங்கேயும் போக முடியாத இடத்துல வச்சுக் கொடுக்கணும். அதுதான் சமநிலை."

உறுப்பினர்கள் மூவரும் குறித்துக்கொண்டார்கள்.

ஆணையத்தின் கூட்ட அறையில் நீள மேசை, அதன் நடுவே ஒரு பித்தளைத் தராசு. அதை யாரும் தொடக் கூடாது. காற்று பட்டால் சாய்கிறது என்பதால் அறையில் மின்விசிறி கிடையாது. கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து, முந்தைய கேமைப் பாதியில் விட்டுச் சென்றவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும். கோரிக்கைக்கு மூன்று படிவங்கள். வெள்ளைப் படிவத்தில் என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். மஞ்சளில் ஏன் வேண்டும். வெள்ளையில் எழுதியதும் மஞ்சளில் எழுதியதும் ஒரே விஷயத்தைப் பற்றியதுதான் என்று உறுதி கூறுவது நீலம்.

அடியக்கா முதன்முதலில் அங்கே போனது ஒரு கோடாலிக்காக. அதன் அடியைப் பன்னிரண்டிலிருந்து பதிமூன்றாக்க வேண்டும். மூன்று படிவத்தோடு வியர்வையில் நின்றாள். ஓர் உறுப்பினர் மட்டும் கேள்வி கேட்டார். அவர் எல்லாக் கூட்டத்திலும் கேட்டது அந்த ஒரே கேள்விதான்.

"இதனால வீரனுக்கு ஒழுக்கம் வருமா?"

கோடாலிக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று அவளுக்குப் புரியவில்லை. வரலாம் என்றாள். வரலாம் என்பது உறுதியான பதில் அல்ல என்று கோடாலி தள்ளிவைக்கப்பட்டது. அவள் வெளியே போகத் திரும்பியபோது தலைவர், வந்ததே வந்தீர்கள், ஒரு சின்ன விஷயம் என்றார்.

"நேத்து நானே உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன்மா. என் மேல ஒரு கீறல் விழல. இந்த வயசுல எனக்கே இவ்வளவு சுலபமா இருக்குன்னா இளவட்டங்களுக்கு எப்படி இருக்கும்? மூச்சு நூறு எதுக்கு? எண்பது போதும்."

கோடாலி அசையவில்லை; மூச்சு மட்டும் இருபது குறைந்தது. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்பதை வைத்தும் ஒப்பேற்றலாம் என்று நினைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் எண்பது அறுபதானது. அதற்கடுத்து, ஐந்து குப்பி மூன்றானது. பிறகு ஒன்றானது. மருந்து குடிப்பதும் ஒரு வேலைதானே என்று குடிப்பதற்கும் மூச்சு செலவு வைத்தார்கள். அப்படியானால் மூச்சு வாங்கி நிற்கிறவன் மருந்து குடிக்க முடியாதே என்று அடியக்கா கேட்டாள். மூச்சு வாங்குகிறவன் திட்டமிடத் தெரியாதவன், அவனுக்கு மருந்து எதற்கு என்று தலைவர் கேட்டார். பன்னிரண்டாம் கூட்டத்தில் நடப்பதற்கு மூச்சு வைத்தார்கள். பதினாறாம் கூட்டத்தில் கோட்டை வாசலில் இருந்த நாய்க்கு இரட்டைப் பல் கொடுத்தார்கள். அந்த நாய் சண்டைக்காக வைத்ததே அல்ல. புதிதாக வருகிறவர்கள் எந்தப் பட்டனை அழுத்தினால் வாள் வீசும் என்று தெரிந்துகொள்ள அடியக்கா வைத்த நோஞ்சான் நாய். ஒரே வெட்டில் விழும்.

பத்தொன்பதாம் கூட்டத்தில், சும்மா நிற்பதற்கும் மூச்சு செலவாகும் என்று தீர்மானம் நிறைவேறியது. மூச்சு தீர்ந்தால் சாவு.

"நிக்கிறவன் என்ன பண்றான்? ஓய்வெடுக்கறான்" என்றார் தலைவர். "அவன் ஓய்வெடுக்கிற நேரத்துக்கும் நாம அவனுக்கு மலை காட்டறோம், மேகம் காட்டறோம், பின்னால இசை வாசிக்கறோம். அத்தனையும் இனாமா?"

ஒவ்வொரு முறையும் அடியக்கா ஆட்சேபம் சொன்னாள். ஒரு நாள் செயலாளரிடம் கேட்டு நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள். 'சண்டை வடிவமைப்பாளர் ஆணையத்துக்கு நன்றி தெரிவித்தார்' என்று பத்தொன்பது இடத்தில் இருந்தது. செயலாளர் பயந்த சுபாவக்காரர். ஆட்சேபம் என்று எழுத இந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை, நன்றி என்றுதான் கட்டம் இருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். நிதானமானவர். கேமின் ஒவ்வொரு கட்டத்தையும் வீட்டில் முதலில் விளையாடிப் பார்ப்பது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சமையலறையிலிருந்து வருவதற்குள் பட்டன் பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னாச்சு?"

"நடந்தேன். செத்துட்டேன்."

"நாய் கடிச்சுதா?"

"நாய் இன்னும் வரவேயில்ல. அது வர்ற வரைக்கும் என்னால உயிரோட இருக்க முடியல." சிறிது யோசித்துவிட்டு, "இதுல நான் பண்ண தப்பு என்னன்னு மட்டும் சொல்லு, அடுத்த தடவை திருத்திக்கறேன்" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

செத்தவர் தன் பாணியில் ஓர் அறிக்கை தயாரித்தார். புதிய எண்களை வைத்து மூன்று வாரம் விளையாடினார். வாசல் நாயைத் தாண்டுவதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செத்தார். ஒவ்வொரு சாவையும் நேரத்தோடு குறித்திருந்தார். ஓடிச் செத்தது, நின்று செத்தது, குப்பியைத் திறக்கும்போது செத்தது, வாளை உருவிய சிரமத்தில் செத்தது. இருநூற்றுப் பதிமூன்றாவது தடவை எப்படித் தாண்டினார் என்பதையும் எழுதியிருந்தார். சாதாரண மனிதரால் ஆகாது என்று கீழே கோடிட்டிருந்தார். இதைப் பார்த்தால் கல்லும் இளகும் என்று அடியக்கா நம்பினாள்.

தலைவர் அறிக்கையை ரசித்துப் படித்தார். ஒரு மனிதர் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செத்தும் திரும்பித் திரும்பி வந்திருக்கிறார், நம் கேமின் மேல் எவ்வளவு பற்று என்று உறுப்பினர்களிடம் காட்டினார். பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு, ஆனாலும் ஒரு நாயிடம் இத்தனை தடவை சாகிறவருக்கு இந்தத் தொழில் எப்படிச் சரிப்படும் என்றார். வெள்ளிக்கிழமை செத்தவருக்குக் கடிதம் வந்தது. திறமைக் குறைவு என்று ஒரே வரி.

அவர் மேசையைக் காலி செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மணிக்கட்டு வலியால் பெட்டியைத் தூக்க முடியாமல் முழங்கைகளில் ஏந்திக்கொண்டார். அடியக்கா லிஃப்ட் வரை கூடப் போனாள். எதாவது பண்றேண்ணா என்றாள். அவர், "நீ உன் வேலையைக் காப்பாத்திக்கோம்மா" என்றார். "நான் சாகறதுக்குன்னே வந்தவன். செத்ததுக்காக அனுப்பிட்டாங்க. அதைத்தான் வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

லிஃப்ட் கதவு மூடியது. இனி யாரிடமும் கெஞ்சுவதில்லை என்று அடியக்கா அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை. அது அடுத்த செவ்வாய்க்கிழமை தானாகக் கையில் வந்து விழுந்தது.

ஒரு கையெழுத்துக்காகத் தலைவர் அறைக்குப் போயிருந்தாள். அவர் விளையாடிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார். வீரன் பாலத்து அரக்கனுக்கு எதிரில் பொம்மை மாதிரி நின்றான். அரக்கன் உலக்கையால் அடித்தான். மிதித்தான். ஆற்றில் தூக்கிப் போட்டான். வீரன் ஈரம் சொட்ட எழுந்து வந்து ஒரு வெட்டு வெட்டினான். சிவப்புக் கோடு ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. பச்சையும் அப்படியே. திரையின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்து இருந்தது: சாகாவரம் – ஆம்.

மலை சரியாக வரையப்பட்டிருக்கிறதா, கதவு திறக்கிறதா என்று சோதிக்கிறவர்கள் சண்டையில் மாட்டிக்கொள்ளாமல் சுற்றிப் பார்ப்பதற்காகக் கம்பெனிக்குள் வைத்திருந்த வசதி அது. அதைப் போட்டுக்கொண்டால் இடியே விழுந்தாலும் வீரன் சாகமாட்டான்.

"அது என்ன எழுத்து சார்?" என்று அடியக்கா ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"அதுவா? நல்லா விளையாடறவங்களுக்கு வர்ற பட்டம்னு செயலாளர் சொன்னார்" என்றார் தலைவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "நான் அதையெல்லாம் பெரிசா வெளியில சொல்லிக்கறதில்ல."

அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நேராகச் செயலாளரிடம் போனாள். அவர் இரண்டே நிமிடத்தில் உடைந்துவிட்டார். பதவியேற்ற முதல் நாள் தலைவர் விளையாட உட்கார்ந்தாராம். அப்போது நோஞ்சானாக இருந்த வாசல் நாயிடமே பதினோரு தடவை செத்தாராம். பட்டன் பலகையைச் சுவரில் எறிந்தாராம். சுவரில் விழுந்த குழியின் மேல்தான் இப்போது பாராட்டுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. மறுநாள் செயலாளர் பயந்துபோய் அந்தக் கம்ப்யூட்டரில் சாகாவரத்தைப் போட்டு வைத்தார். ஒரு வாரம் கழித்து எடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் தலைவர் அதற்குள், கற்றுக்கொண்டேன் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஒன்றரை வருஷமாச்சு. எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரலம்மா" என்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

அடியக்கா மனசுக்குள் வரிசையாகக் கூட்டிப் பார்த்தாள். நூறு அறுபதானது, ஐந்து ஒன்றானது, நிற்பதற்கு மூச்சு, நடப்பதற்கு மூச்சு, நாய்க்கு இரட்டைப் பல், ஒரு மனிதரின் பதினோரு வருஷம், எல்லாம் இந்த ஓர் எழுத்தை நம்பி நடந்திருக்கிறது. நேராக முதலாளிகளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு மூடிய அறையில் அரை மணி நேரம் பேசுவார்கள். செயலாளர் வேலை போகும். தலைவர் சிரித்து மழுப்புவார். குறிப்பேட்டில், சண்டை வடிவமைப்பாளர் நன்றி தெரிவித்தார் என்று இருபதாவது தடவையாக ஏறும்.

அவள் தன் மேசைக்கு வந்து ஆணையத்தின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தொன்றாம் விதியில் விரல் நின்றது. மலைகளை வரைகிற பெண் ஒருத்தி, தான் வரைந்ததைச் சுற்றிப் பார்க்கச் சாகாவரத்தைப் பயன்படுத்தினாள் என்று அவளிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கியபோது, தலைவர் தம் கையால் எழுதிய விதி. அதே சொல் தம் திரையின் ஓரத்திலும் இருப்பது அவருக்கு உறைக்கவேயில்லை. பொதுமக்கள் முன் காட்டப்படும் கேமில், எந்தப் பதவியில் இருப்பவருக்கும், எந்தக் காரணத்துக்காகவும், சாகாவரமோ வேறு சலுகையோ அளிப்பது குற்றம். மாற்ற வேண்டுமானால் முழு ஆணையமும் கூடி மூன்று படிவத்தோடு தீர்மானிக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஆணையத்துக்கு அடியக்காவைப் போல அடங்கிய ஊழியர் கிடையாது. சொன்னதை எல்லாம் சொன்னபடி செய்தாள். மூச்சு நாற்பது என்றார்கள், நாற்பது ஆக்கினாள். வாசல் நாயைச் சாதாரண மனிதரால் தாண்ட முடியாது என்று தன் கடமைக்கு மூன்று முறை மஞ்சள் படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். மூன்றும், மை கறுப்பாக இருக்கிறது, நீலமாக இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தன. அவற்றைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தாள்.

பிறகு ஒரு வெள்ளைப் படிவம் நிரப்பினாள். நீல மையில். கேமை வெளியிடும் விழாவில், மேடையில், தலைவரே விளையாடிக் காட்ட வேண்டும். மஞ்சளில்: இதன் சமநிலையை அவரைப்போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை. ஒழுக்க உறுப்பினர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நிச்சயமாக வரும் என்றாள் அடியக்கா. நான்கு நிமிடத்தில் நிறைவேறியது. அவள் கொடுத்த கோரிக்கைகளில் ஆணையம் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

விழாவுக்கு முந்தைய நாள் செயலாளர் அவள் மேசைக்கு வந்து நின்றார். மேடைக் கம்ப்யூட்டரிலும் அந்த எழுத்தைப் போட்டுவிடலாமே என்று கேட்டார். அவள் முப்பத்தொன்றாம் விதியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் மூன்று மணிக்கு விழா. பெரிய அரங்கு. எண்ணூறு பேர். முதல் வரிசையில் முதலாளி சகோதரிகள், பத்திரிகைக்காரர்கள். மேடையில் சினிமாத் திரை அளவுக்குத் திரை. தலைவர் சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டு பேச நின்றார். அவருக்குப் பின்னால் திரையில் வீரனும் கோட்டை எதிரில் வந்து நின்றான்.

"ஒரு விஷயம் சொல்றேன். விளையாடறவர் கஷ்டப்பட்டா அது விளையாடறவர் தப்பு. கேம் தப்பே பண்ணாது. ஏன்னா அதைப் பண்ணினவங்க நாங்க" என்று தலைவர் தொடங்கினார்.

பின்னால் பச்சைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் உழைப்பைப் பற்றிப் பேசினார். தியாகத்தைப் பற்றிப் பேசினார். வசதி மனிதனைக் கெடுக்கிறது என்று சொன்ன இடத்தில் வீரன், யாரும் தொடாமல், நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான். அரங்கில் சிரிப்பு கிளம்பியது. தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துத் தலைவரும் சிரித்தார்.

பிறகு உட்கார்ந்து பட்டன் பலகையைக் கையில் எடுத்தார். திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்தார்.

"என் பட்டம் எங்கே?" என்று மெல்லக் கேட்டார். மைக் அதை எண்ணூறு பேருக்கும் சொன்னது.

நாலு எட்டு நடந்தார். செத்தார். மறுபடி நடந்தார், இந்த முறை நாய் வந்தது. ஒரே கடி. மூன்றாவது தடவை வாளை உருவினார். உருவியதில் மூச்சு தீர்ந்தது. நான்காவது தடவை குப்பியைத் திறந்தார். ஆறாவது தடவைக்குப் பிறகு பட்டன் பலகை பழுது என்றார். வேறு கொண்டு வந்தார்கள். அதுவும் பழுது என்றார். மூன்றாவதைக் கொண்டு வந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், ஐயா நடக்காதீங்க என்று அக்கறையாகச் சொன்னார். பக்கத்திலிருந்தவர், நிக்காதீங்க என்றார்.

எட்டாவது சாவில் அரங்கமே எண்ண ஆரம்பித்தது. மேடை ஓரத்தில் நின்ற அடியக்கா தலைவரின் கைகளைப் பார்த்தாள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தன. ஒரு நொடி அவளுக்கு ஐயோ பாவம் என்று இருந்தது. முழங்கைகளில் பெட்டியை ஏந்திக்கொண்டு லிஃப்டுக்குள் நின்ற மனிதரை நினைத்துக்கொண்டாள். பாவம் போன இடம் தெரியவில்லை.

பதினொன்றாவது சாவுக்குப் பின் தலைவர் அவளை அருகே அழைத்து, அந்தப் பட்டத்தை உடனே போடு என்றார். அவள் கையில் விதிப் புத்தகம் தயாராக இருந்தது. அவருடைய காலர் மைக்குக்குக் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக முப்பத்தொன்றாம் விதியைப் படித்தாள். கீழே யார் கையெழுத்து என்பதையும் படித்தாள்.

"அது விளையாடறவங்களுக்காகப் போட்ட விதி" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்ப விளையாடறது நீங்கதான் சார்."

தலைவர் எழுந்து, ஆணையம் அவசரமாகக் கூடும் என்று அறிவித்துத் திரைச்சீலைக்குப் பின்னால் போனார். உறுப்பினர்கள் மூவரும் ஓடினார்கள். காலர் மைக்கை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடியக்காவுக்குத் தோன்றியது, ஆனால் அது அவள் வேலை அல்ல. முதலில் ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே மௌனம் காத்தார்கள். வெளியே திரையில் வீரன் அந்த ஒரு நிமிடத்தில் நான்கு தடவை நின்றபடியே செத்தான். எண்ணூறு பேரும் பதினைந்து என்றார்கள். அதற்கு மேல் பார்க்க முடியாமல் யாரோ கேமை நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு குரல்கள் கேட்டன.

"மூச்சை நூறாக்கணும்னு நான் முதல்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்."

"அதுக்கு நீலப் படிவம் வேணும் சார். ஆபீஸ்ல இருக்கு."

"அந்த நாயை இப்படி வச்சது யாரு?"

"நீங்கதான் சார். பதினாறாம் கூட்டம். ஒரு வரிசைப் பல் போதாதுன்னு சொன்னீங்க."

"நான் சொன்னா நீங்க தடுத்திருக்கணும். எனக்கு விளையாடத் தெரியாதுங்கறது உங்களுக்குத் தெரியாதா?"

அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டது. அப்போது மூன்றாவது குரல் ஒன்று, மிகவும் உண்மையான கவலையோடு கேட்டது.

"இதனால தலைவருக்கு ஒழுக்கம் வருமா?"

அதன் பிறகு சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. தலைவர் வெளியே வந்தார். வராமலே போயிருக்கலாம். ஆனால் ரோஷம் விடவில்லை. இன்னும் எட்டுத் தடவை விளையாடினார். இருபத்துமூன்றோடு அரங்கின் விளக்கைப் போட்டு விழாவை முடித்தார்கள்.

பத்திரிகைக்காரர்கள் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது மூத்த முதலாளி அடியக்காவைக் கூப்பிட்டார். இந்த நாயைத் தாண்ட யாராலாவது முடியுமா என்று கேட்டார்.

"ஒருத்தரால முடியும் மேடம். அவருக்குத் திறமை இல்லைன்னு அனுப்பிட்டீங்க."

இது முன்னாலேயே உனக்குத் தெரியுமா என்று இளைய முதலாளி கேட்டார். தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, திரும்பி வந்த மூன்று மஞ்சள் படிவங்களையும் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சாகாவரத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. செயலாளர் பிழைத்தார்.

தலைவர் உடல்நிலை காரணமாக விலகினார். இப்போது ஏதோ ஒரு மருத்துவமனையில், நோயாளிகளுக்கு எத்தனை தலையணை தேவை என்று ஆராயும் பொறுப்பில் இருப்பதாகக் கேள்வி. ஆணையத்தைக் கலைக்க விதிகளில் வழி இல்லாததால், அதைக் கீழ்த்தளத்து அறைக்கு மாற்றினார்கள். கலைப்பதற்கான படிவத்துக்கு என்ன நிறம் என்று அங்கே இன்னும் விவாதம் நடக்கிறது. அடியக்கா பழைய எண்களை எல்லாம் ஒரே மத்தியானத்தில் திருப்பிப் போட்டாள். கோடாலியையும் பதிமூன்றாக்கினாள்.

அந்த வாரக் கடைசியில் செத்தவர் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடியில் சின்ன வீடு. மணிக்கட்டில் பட்டைத் துணி இல்லை. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாள் முழுக்க மேலே போய்க் கீழே வந்து, சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். "இங்கே யாரும் சாகக் கூடாதுங்கறதுதான் வேலை" என்றார். பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல இருந்தது.

முதலாளிகள் கொடுத்தனுப்பிய கடிதத்தை நீட்டினாள். மன்னிப்பும், பழைய மேசையும், கூடுதல் சம்பளமும் அதில் இருந்தன. அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நேரில் வந்து கேட்கச் சொல் என்றும் சொன்னார். முதலாளிகள் இரண்டு பேரும் வர வேண்டும், அந்த இரட்டைப் பல் நாயைத் தாண்டிவிட்டு வர வேண்டும் என்றார். சிரிக்காமல் சொன்னார்.

பிறகு அவள் போனை எடுத்து, விழாவில் யாரோ படம் பிடித்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். செத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அவர் சிரிக்கவில்லை. தொழில்காரர் பார்ப்பதுபோல் பார்த்தார். இங்கே இடது பக்கம் உருண்டிருக்கணும் என்றார். வாளை இவ்வளவு சீக்கிரம் உருவக் கூடாது என்றார். பதினெட்டாவது சாவு பரவாயில்லை, கொஞ்சம் யோசித்திருக்கிறார் என்றார். ஒவ்வொன்றையும் விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். படம் முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் நாலு மாதமாக இல்லாத ஒரு நிம்மதி.

அவர் மனைவி அதுவரை சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தார். புருஷனுடைய வேலையைப் பற்றி ஒரு நாளும் எதுவும் கேட்காதவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்லேர்ந்து போடும்மா. மெதுவா ஓட்டு, அவசரமில்ல. அந்த ஆள் மூஞ்சி நல்லாத் தெரியணும்."